மழையில் டேப்லெட்டோடு பாறை பார்க்கப் போன கதை

நீலகிரியில் அக்டோபர் பாதிக்கு மேல் ஃபீல்டு வைத்துக்கொள்ளாதே என்று எல்லோரும்தான் சொல்வார்கள், ஆனால் ப்ராஜெக்ட் தேதி நம் கையிலா இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கின பிறகுதான் எங்களுக்குக் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வேலை வந்தது. சாலை வெட்டு, ஓடை, தேயிலைத் தோட்டத்து ஓரம் என்று பாறை தலைகாட்டுகிற இடமெல்லாம் போய், அந்தப் பக்கத்துக் கடினப் பாறையான சார்னோகைட்டில் பட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எவ்வளவு சாய்ந்திருக்கின்றன, டோலரைட் டைக் (பழைய பாறையின் வெடிப்பில் உருகிய குழம்பு ஏறி இறுகின கருங்கல் சுவர்) எங்கே குறுக்கே வெட்டிப் போகிறது, அதற்கு மேல் மண் எவ்வளவு கனம் என்று வரைபடத்தில் ஏற்ற வேண்டும். மண்சரிவு ஆய்வுக்கான வேலை. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து என்ன நடந்தது என்று அந்தப் பக்கம் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள், அதனால் கோடு எங்கோ தள்ளிப் போனாலும் பரவாயில்லை என்று விடுகிற வேலை இல்லை இது.

இந்த முறை காகிதமே வேண்டாம், எல்லாம் டேப்லெட்டில் என்று முடிவு செய்திருந்தோம். ஐபி68 போட்டது, தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்றார்கள். ஒன்றும் ஆகவில்லைதான். மழையில் நாள் முழுக்க நனைந்துவிட்டு சாயங்காலம் ஜம்மென்று எரிந்தது. அந்த எண் சொல்வது அவ்வளவுதான், சாதனம் சாகாது என்று. நனைந்திருக்கும்போது அதை வைத்து வேலை பார்க்க முடியுமா என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை, நாமும் வாங்கும்போது கேட்பதில்லை.

முதல் நாள், ஒரு சாலை வெட்டில் சாய்வு 70 டிகிரி எடுத்தேன். 70 என்று அடித்தால் 700 என்று விழுந்தது. அழித்தால் எல்லாம் அழிந்தது. திரும்ப அடித்தால் கீபோர்டு மூடிக்கொண்டு வரைபடம் தானாகப் பெரிதாகி எங்கோ ஒரு தோட்டத்து நடுவில் போய் நின்றது. சட்டையில் துடைத்தேன், சட்டையே சொட்டச் சொட்ட இருந்தது. திரை அணைந்துவிட்டால் கைரேகையும் எடுக்காது, விரல் ஊறிப் போயிருக்கிறது இல்லையா.

இது ஏன் இப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே அப்புறம்தான் புரிந்தது. கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை ஒன்று இருக்கிறது, அதில் ஒரு மெல்லிய மின்புலம். விரல் வைத்தால் அந்த இடத்தில் புலம் கொஞ்சம் குறையும், அதைத்தான் தொடுகை என்று எடுத்துக்கொள்கிறது. தனியாக நிற்கிற ஒரு துளியால் அவ்வளவு தொல்லை இல்லை, அது விரல் போல நடந்துகொள்வதில்லை என்பதால் நல்ல திரைகள் அதைக் கழித்துவிடும். சிக்கல் நாம் விரல் வைக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. விரல் பட்ட துளி பக்கத்துத் துளியோடு சேர்ந்து ஓட, அந்த ஈரம் முழுக்க நம் விரலின் நீட்சியாகிவிடுகிறது. ஒரு விரல் வைத்தோம், அது நாலு விரல் என்று நினைக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாலும் இதே கதைதான். உறை மேல் தண்ணீர் ஓடும், உள்ளே மூச்சுவிட்ட மாதிரி பனி படியும்.

கூட வந்த அண்ணன் அந்த ஊர்க்காரர், வழி காட்டவும் புதர் வெட்டவும் வந்தவர். நான் பத்து நிமிடமாக டேப்லெட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "கல்லு நனைஞ்சா நல்லாத் தெரியுதுங்கறீங்க, கண்ணாடி நனைஞ்சா ஒண்ணும் ஆகமாட்டேங்குது, என்ன சார் இது?" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காய்ந்த சார்னோகைட் வெயிலில் அழுக்குச் சாம்பலாக, ஒன்றும் தெரியாமல் இருக்கும், நாங்களே நாக்கால் நக்கியோ தண்ணீர் ஊற்றியோதான் பார்ப்போம். நனைந்தால் நீலம் ஓடிய குவார்ட்ஸ், எண்ணெய் தடவின மாதிரி ஃபெல்ட்ஸ்பார், கருப்பு பைராக்ஸீன் பட்டைகள் எல்லாம் எழுந்து வரும். இந்தப் பாறைக்குப் பெயர் வந்ததே கொல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துத்தான், புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் வைத்த பெயர், கல் போனது நம்ம பல்லாவரம் பக்கமிருந்து. கல்லறைக்கு யாரோ உட்கார்ந்து மெருகு போட்டிருப்பார்கள், குன்னூரில் அந்த வேலையை மழை இலவசமாகச் செய்கிறது. அதனால் மழை நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கவும் மனம் வருவதில்லை.

பெரிய அடி மூன்றாம் நாள் விழுந்தது. ஒரு டைக்கின் விளிம்பை விரலால் இழுத்து வரைந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன். ராத்திரி அறையில் லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தால் அந்தக் கோடு ஓடையைத் தாண்டி இருநூறு மீட்டர் தள்ளி, நாங்கள் கால் வைக்காத ஒரு சரிவில் அழகாகப் போய் முடிகிறது. கடைசி இரண்டு புள்ளிகளை வைத்தது நான் இல்லை, மழை. 700 என்று விழுந்தால் தப்பு என்று தெரியும். இந்தக் கோடு பார்க்க நிஜக் கோடு மாதிரியே இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். நாங்கள் வைத்திருந்தது க்யூஃபீல்டு என்கிற வரைபடச் செயலி. அதில் குறியை ஜிபிஎஸ் நிற்கும் இடத்தோடு பூட்டிவிடலாம், வால்யூம் மேல் பட்டனை அழுத்தினால் ஒரு புள்ளி, கீழ்ப் பட்டனை அழுத்தினால் கடைசிப் புள்ளி போய்விடும். திரையைத் தொடாமலே விளிம்பு மேல் நடந்து நடந்து கோடு போடலாம். மரத்தடியில் ஜிபிஎஸ் ஐந்து பத்து மீட்டர் ஆடும், சரி, அது தெரிந்த பிழை, எழுதி வைத்துக்கொள்ளலாம். படிவத்தில் சாய்வு 0 முதல் 90க்குள், திசை 0 முதல் 359க்குள் மட்டும் என்று கட்டுப்பாடு போட்டேன். 70க்குப் பதில் 7 விழுந்தால் அந்தக் கட்டுப்பாட்டில் சிக்காது, அதற்கு நம் கண்தான். பாறைப் பெயரெல்லாம் தட்டச்சு இல்லாமல் பட்டியலில் தேர்ந்தெடுக்கிற மாதிரி, கட்டைவிரல் அகலப் பட்டன்களாக.

அப்புறம் பேனா. எல்லா ஸ்டைலஸும் ஒன்றில்லை. கடையில் விற்கிற ரப்பர் முனைப் பேனா விரலைப் போலவே நடிப்பது, மழையில் விரலைப் போலவே சொதப்பும். மின்காந்த முறையில் வேலை செய்கிற பேனா வேறு. திரைக்கு அடியில் இருக்கும் தனிப் பலகை அந்தப் பேனாவுக்குள் இருக்கும் சுருளை மட்டும்தான் பார்க்கிறது, தண்ணீரை அது கண்டுகொள்வதே இல்லை. விரல் தொடுகையை அமைப்பில் அணைத்துவிட்டுப் பேனாவை மட்டும் வைத்துக்கொண்டால் கொட்டுகிற மழையிலும் எழுதலாம். இதற்காகவே அப்படிப்பட்ட டேப்லெட் வாங்குவது தகும் என்பது என் கருத்து.

போனைப் பாறை மேல் வைத்து சாய்வு எடுப்பதை மழையில் விட்டுவிட்டேன், ஈரப் பாறையில் வழுக்கிக்கொண்டு போகிறது. பிரண்டன் என்கிற முள் திசைகாட்டிதான். அதுவும் டேப்லெட்டை ஒரு கை தள்ளி வைத்துவிட்டு, அதன் ஸ்பீக்கர் காந்தமும் உறைக் காந்தமும் முள்ளை இழுக்கும். டோலரைட் பக்கத்தில் ஏற்கெனவே பாறையே இழுத்துக்கொண்டிருக்கும்.

காகிதம் வேண்டாம் என்று சொன்னேன் இல்லையா, நாலாம் நாளிலிருந்து 2ஹெச் பென்சிலும் ஒரு நோட்டும் சட்டைக்குள் வந்துவிட்டன. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வரி, ஒரு கிறுக்கல் படம், அதை டேப்லெட்டில் ஒரு போட்டோ. ராத்திரி சரிபார்க்க அதுபோல எதுவும் இல்லை. சார்ஜ் போடும் ஓட்டையில் ஈரம் என்று டேப்லெட் அடம்பிடிக்கிற ராத்திரிகளில் அது காய்கிற வரைக்கும் நோட்டை வைத்து வேலையை ஓட்டலாம்.

அந்த நல்ல பேனாவைக் கயிறு கட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணன் அதை எடுத்த முதல் நாளே சொன்னார். நான் கட்டவில்லை. கோத்தகிரிக்குக் கீழே ஏதோ ஒரு தேயிலைச் செடியடியில் கிடக்கிறது, விலையை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.