நிமிர்ந்தால் தலைவலி

மார்ச் 4
கால் வலிக்கு முதுகில் ஊசி போட்டாயிற்று. எல்4-எல்5, அதாவது இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில். குப்புறப் படுக்கவைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே குத்தினார்கள். நடுவில் இடது காலில் சுரீரென்று ஓடியது, கத்திவிட்டேன். மாலையே வீடு.

மார்ச் 5
கால் வலி இல்லை. நிஜமாகவே இல்லை.

மார்ச் 6
பல் தேய்க்க நின்றதும் பின்மண்டையில் ஆரம்பித்துக் கழுத்து வரை இழுத்தது. படுத்தேன், கொஞ்ச நேரத்தில் காணோம். எழுந்தேன், மறுபடி. படுத்தபடியே போனில் தட்டுகிறேன். சுகர் 318. ஸ்டீராய்டு ஊசி, சில நாள் ஏறும் என்று சொன்னார்கள்தான். அதற்காக 318-ஆ?

மார்ச் 7
அத்தை மிளகாய் சுற்றிப் போட்டார். நெடியே வரவில்லையாம். திருஷ்டிதானாம். சரி.

மார்ச் 8
ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். காய்ச்சல் உண்டா, கழுத்து விறைக்கிறதா, கால் மரக்கிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று வரிசையாகக் கேட்டார்கள். தொல்லை எதுவும் இல்லை என்றதும் குரலே மாறிவிட்டது. முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள சவ்வில் ஊசி பட்டிருக்கலாம், நீர் கசிகிறது, அதனால்தான் நிமிர்ந்தால் வலி. படுங்கள், தண்ணீர் குடியுங்கள், காபி குடியுங்கள். கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறதே என்றார்கள். இருக்கிறதுதான், பொடி எழுத்தில். ஒருவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் இரண்டு நாள் மூளையில் கட்டி என்று நடுங்கியிருக்க மாட்டேன். காபி, சர்க்கரை இல்லாமல். கசப்பு.

மார்ச் 9
2012-இல் அமெரிக்காவில் இதே மாதிரி முதுகு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்து, மூளைக்காய்ச்சல் வந்து 60 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கு இதை ஏன் படித்தேன்? தெர்மாமீட்டர் 98.4. திரும்ப வைத்தேன். 98.4.

மார்ச் 10
மகன் அனுப்பினான்: 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்ற டாக்டர் தன் முதுகிலேயே ஊசி போடவைத்துப் பார்த்தாராம். அவருக்கும் இதே தலைவலி, ஒன்பது நாள் படுக்கை. அவருக்கு யார் சமைத்துப் போட்டார்களோ. சுகர் 274.

மார்ச் 12
என் கையிலிருந்தே 20 மில்லி ரத்தம் எடுத்து, முதுகில் அதே இடத்தில் ஏற்றினார்கள். உறைந்து ஓட்டையை அடைக்குமாம். "பஞ்சர் ஒட்டுறாங்க, அவ்வளவுதான்" என்றார் இவர். இடுப்பு கனத்தது. எழுந்து உட்கார்ந்தேன். தலை வலிக்கவில்லை! அழுதேன். அந்த நர்ஸ் பெண் பயந்துவிட்டாள்.

மார்ச் 13
குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. சுகர் 211.

மார்ச் 16
இடது கால் பெருவிரலில் லேசாக என்னவோ. மரப்பு இல்லை. பழைய வலியும் இல்லை. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை கேட்க வேண்டியது: இரண்டாவது ஊசி அவசியமா, ஸ்டீராய்டைக் குறைக்கலாமா, சுகர் மாத்திரையை