நோயாளி மட்டும் உள்ளே

மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, ஒரு ஸ்டென்ட் வைத்து, என் கணவர் ஐந்தாம் நாள் வீடு திரும்பும் வரை எங்களுக்குக் குறை ஏதுமில்லை. காப்பீட்டுப் பணமும் தடையின்றிக் கிடைத்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளின் பெயர்களும் உப்பைக் குறைக்கச் சொல்லும் ஒரு வரியும் இருந்தன. கணவன் மனைவியாக இனி எப்படி வாழ்வது என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முதல் இரண்டு மாதங்கள் நான் சரியாக உறங்கவில்லை. நள்ளிரவில் விழித்து, அவர் மூக்கருகே புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அவர் விழித்திருந்தும் கண்ணை மூடிக் கிடந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு மதியம் அவர் தட்டிலிருந்து ஊறுகாயை எடுத்தேன். "நீ எனக்குப் பொண்டாட்டியா, நர்ஸா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனவர், அன்றிரவு கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். தாம்பத்தியத்தால் மீண்டும் நெஞ்சுவலி வந்துவிடுமோ என்ற அச்சம் இருவருக்கும் இருந்தது. ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இதைக் கேட்பதற்காகவே விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபரிசோதனைக்கு உடன் போனேன். மூன்று மணி நேரம் காத்திருந்து எங்கள் டோக்கனைக் கூப்பிட்டபோது, "நோயாளி மட்டும் உள்ளே போகலாம், நீங்க உட்காருங்க" என்று வாசலில் நின்ற பணியாளர் என்னைத் தடுத்துவிட்டார். நான்கு நிமிடத்தில் வெளியே வந்தவர், "எல்லாம் நல்லா இருக்காம்" என்றார். எதையும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உப்பில்லாமல் சமைப்பதற்கும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதற்கும் இரவில் விழித்திருப்பதற்கும் நான் வேண்டும், மருத்துவர் அறைக்குள் மட்டும் வேண்டாமா?

அடுத்த முறை நாள்காட்டித் தாளின் பின்புறம் ஆறு கேள்விகளை எழுதிக்கொண்டேன். நானும் உள்ளே வருவேன் என்று டோக்கன் வாங்கும்போதே உறுதியாகச் சொல்லிவைத்தேன். மருத்துவர் சற்றும் தயங்காமல் பதில் சொன்னார். இரண்டு மாடிப் படிகளை நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் ஏற முடிகிறவருக்குப் பெரும்பாலும் தாம்பத்தியத்துக்குத் தடையில்லை. சோர்வும் நாட்டமின்மையும் இதயத் துடிப்பைத் தணிக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரையாலும் வரலாம், மாரடைப்புக்குப் பின் பலருக்கு ஏற்படும் மனச்சோர்வாலும் வரலாம். அதற்காக எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்தக்கூடாது. கூச்சப்பட்டு மருந்துக்கடையில் தாமாகவே விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் மாத்திரையை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்: நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அந்த அறையில்தான் என் கணவர் முதன்முறையாக, "ராத்திரி படுத்தா காலையில எழுந்திருப்பேனான்னு பயமா இருக்கு டாக்டர்" என்றார். ஊறுகாய்க்கு வந்த கோபம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உடன் போகிறவர்கள் வாசலில் தடுத்தால் திரும்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நோயாளியின் சம்மதத்தோடு வருகிறேன் என்று சொல்லுங்கள். கேள்விகளை எழுதியே எடுத்துச் செல்லுங்கள், உள்ளே போனதும் பாதி மறந்துவிடும். மருத்துவரே தாமாகப் பேச்சை எடுப்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

பாய் மறுபடி பரணுக்குப் போய்விட்டது. அந்த நாள்காட்டித் தாள் கோப்பிலேயே இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்காக அதன் அடியில் அவர் கையெழுத்தில் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன.