அஸ்வெசும மேன்முறையீடு: எங்கள் வளவில் நின்ற லாண்ட்மாஸ்டர்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி இலங்கையில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தைய வருடம் வாங்கிய சாமானை ஏறக்குறைய இரட்டை விலைக்கு வாங்கினோம். அந்த நேரத்தில்தான், வறிய குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டத்துக்கு விண்ணப்பம் எடுத்தார்கள். முன்பிருந்த சமுர்த்தி உதவியை எடுப்பவர்களும் புதிதாகப் போடவேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு நான் நிரப்பிக் கொடுத்தேன். அதில் பெரிய சிரமம் இல்லை.

சிரமம் வந்தது, விபரம் பதிய வீட்டுக்கு வந்து பார்த்தபோது. வந்த தம்பி நல்ல பிள்ளை, வெயிலில் களைத்துப் போயிருந்தார். கையிலிருந்த கருவியில் கேள்விகளை வாசித்துக்கொண்டே போனார். கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப விபரம் என்று ஆறு பிரிவில் 22 குறிகாட்டிகள் உண்டு. அவற்றுக்கான புள்ளியை வைத்துத்தான் யார் வறியவர், யார் மிகவும் வறியவர் என்று பிரிக்கிறார்கள். எங்கள் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வந்து தகரக் கொட்டிலில் இருந்த பிறகு, ஐந்தரை இலட்சம் ரூபாய் உதவியில் கட்டியது. கல் சுவர், ஓட்டுக் கூரை. இடம்பெயர்ந்தவர்கள் என்பதற்காகக் கிடைத்த வீடு, இப்போது எங்களை வசதியானவர்களாகக் காட்டியது. உலையில் என்ன வேகிறது என்பதைச் சுவர் சொல்லாதே.

அதோடு, வளவில் படங்கு மூடி நின்ற லாண்ட்மாஸ்டர் என்ற சிறிய உழவு இயந்திரம். மாமாவுடையது. எஞ்சின் பழுதானதால் எங்கள் வளவில் விட்டிருந்தார்.

“அம்மா, இது ஆற்றை?” என்று பதிய வந்த தம்பி கேட்டார்.

“என்ரை தம்பியின்ரை, மோனை.”

சொன்னது கேட்டது. ஆனால் எழுதப்பட்டது வேறு.

2023 நடுப்பகுதியில் பட்டியல் ஒட்டினார்கள். அம்மாவின் பெயர் இல்லை. காரணம் எதுவும் போட்டிருக்கவில்லை. இதைத்தான் முதலில் தேடிப் பிடிக்கவேண்டும், ஏனென்றால் ‘நாங்கள் ஏழைகள், கருணை காட்டுங்கள்’ என்று எழுதிக் கொடுக்கும் மேன்முறையீட்டால் எதுவும் நடக்காது. பிரதேச செயலகத்தில் ஒரு அக்கா பொறுமையாகத் திரையைப் பார்த்து, “உங்கட பேரில உழவு இயந்திரம் இருக்கே” என்றார். சரி, பிடி கிடைத்தது.

மேன்முறையீடும் ஆட்சேபனையும் ஒன்றில்லை. தகுதி இருந்தும் விடுபட்டால் மேன்முறையீடு. தகுதியில்லாத இன்னொருவர் பட்டியலில் இருக்கிறார் என்று சொல்வது ஆட்சேபனை. இந்த இரண்டாவதால் எங்கள் ஊரில் முகம் பாராமல் போன குடும்பங்கள் இருக்கின்றன. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

உழவு இயந்திரம் மாமாவின் பெயரில் இருப்பதற்கான பதிவுப் பத்திரத்தின் பிரதி, மாமா எழுதித் தந்த கடிதம், அதை உறுதிப்படுத்தி விதானையார் (கிராம அலுவலர்) வைத்த கையொப்பம், அம்மாவின் கிளினிக் கொப்பி, மின்பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம். வீட்டைப் பற்றி ஒரு வரி மட்டும்: எந்தத் திட்டத்தில் கிடைத்தது என்று. கொடுத்ததற்கு ஒரு பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். பிறகு போய் விசாரிக்கும்போது அந்தத் துண்டு இல்லாவிட்டால் முதலிலிருந்து கதைக்க வேண்டிவரும்.

மறுபடி வந்து பார்த்தார்கள், வேறொரு ஆள். இந்த முறை அவர் எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் வாசித்தார்.

அம்மா ‘வறிய’ பிரிவில் சேர்ந்தார். அப்போது மாதம் 8,500 ரூபாய். 2025 ஜனவரியிலிருந்து அது 10,000. மிகவும் வறியவர்களுக்கு 15,000 ஆக இருந்தது 17,500 ஆனது. காசு வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பிரதேச செயலகம் தரும் கடிதத்தோடு போனால் கணக்குத் திறந்து தருவார்கள். கடிதத்திலும் அடையாள அட்டையிலும் முதலெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்களை இதற்காகத் திருப்பி அனுப்புவதை அங்கேயே கண்டேன்.

2024 பெப்ரவரியில் இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பம் கோரியபோது பக்கத்து வீட்டு அன்ரிக்கு நான்தான் நிரப்பினேன். அவவின் மகளுடைய மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றது. வந்து பார்க்கும் நாளுக்கு முன்னமே அதன் பதிவுப் புத்தகத்தைப் பிரதி எடுத்து அவவின் கையில் கொடுத்துவிட்டேன்.