எர்த் இல்லாத ஏரியல்

சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்பதற்காக மொட்டைமாடியிலிருந்து கொல்லைத் தென்னை மரம் வரை 18 மீட்டர் செம்புக் கம்பியை ஏரியலாகக் கட்டிய அன்று, நிலையங்களைவிட இரைச்சலே அதிகமாகக் கேட்டது. உயரம் போதவில்லை என்று எண்ணி, இரண்டு வாரம் கம்பியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

நீளத்தில் பிழையில்லை. கம்பி அரை அலைநீளத்தை ஒட்டி அமைந்தால் அதன் முனையில் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு எழும் தடை) ஆயிரக்கணக்கான ஓம்களுக்கு ஏறி, வானொலியோடு பொருந்தாமல் போய்விடும். 41 மீட்டர் பேண்டுக்கு (ஏறத்தாழ அந்த அலைநீளத்தில் ஒலிபரப்பும் நிலையங்களின் தொகுதி) 20 மீட்டரும் 31 மீட்டர் பேண்டுக்கு 15 மீட்டரும் அப்படிப்பட்டவை என்பதால்தான் இடைப்பட்ட அளவை எடுத்தேன்.

தவறு எர்த்தில் இருந்தது. சோம்பலால் அதைச் சுவர் பிளக்கின் எர்த் முள்ளில் இணைத்திருந்தேன். எல்இடி விளக்கு, செல்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவை கக்கும் உயர் அலைவெண் இரைச்சல் வீட்டு எர்த் வயர் முழுவதும் பரவியிருக்கிறது. மின்னோட்டம் சுற்றை முடிக்க ஏரியலுக்கு ஒரு மறுபாதி வேண்டும்; அதற்கு அந்த வயரையே கொடுத்தால், வானொலி வீட்டைத்தான் கேட்கும். எர்த்தே கொடுக்காவிட்டாலும், வானொலிக்கு வரும் கேபிளின் உலோக வெளி உறை அந்த மறுபாதியாகி, வீட்டுக்குள் உள்ள இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும்.

ஆகவே துணி துவைக்கும் கல்லருகே, எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில், செம்புப் பூச்சிட்ட 4 அடிக் கம்பியை அடித்து இறக்கினேன். ஏரியலைச் சாய்வாக அங்கேயே இறக்கி, 43 வகை ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருள்) வளையத்தில் 9 சுற்றும் 3 சுற்றும் தனித்தனியே சுற்றிய சிறு டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்தினேன். சுற்று விகிதம் மூன்றுக்கு ஒன்று என்பதால் மின்மறுப்பு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. 9 சுற்றுச் சுருளின் ஒரு முனை ஏரியலுக்கும் மறுமுனை மண்ணில் இறக்கிய கம்பிக்கும் போக, 3 சுற்றுச் சுருளிலிருந்து கேபிள் டிவிக்கு இழுக்கும் ஆர்ஜி-6 வயர் வானொலிக்குச் செல்கிறது. இரு சுருள்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லாததால், வீட்டு இரைச்சல் ஏரியலை எட்டும் வழி பெருமளவு அடைபட்டது. அன்று மாலையே 49 மீட்டர் பேண்டில், முன்பு இரைச்சலுக்குள் மூழ்கியிருந்த குரல்கள் எழுந்தன.

தென்னை காற்றில் ஆடுவதால், மரத்துப் பக்கம் கயிற்றைக் கப்பியில் ஓட்டி ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டிருக்கிறேன். மின்வாரியக் கம்பிகளின் மேலோ அருகிலோ ஏரியலைக் கொண்டுபோகவே கூடாது.

ஏரியலை எப்போதும் இணைத்தே வைத்திருப்பவர்கள் மின்னல் காப்பைப் பொருத்துவதோடு, இந்த எர்த்தையும் வீட்டு எர்த்தையும் தடித்த வயரால் ஒன்றிணைக்க வேண்டும். இல்லையேல் மின்னலின்போது இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்தம் கருவி வழியாகப் பாயும். நானோ, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், கேட்காத நேரமெல்லாம் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுகிறேன்.