தூக்கணாங்குருவிக்கு 24 பக்கங்கள்

சிறுவர்களுக்குப் படப் புத்தகம் எழுத விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை சொற்களில் எழுத வேண்டும் என்பதைத்தான். நான் பக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். கதை எங்கே திரும்ப வேண்டும், அச்சுக்கு எவ்வளவு செலவாகும், என்ன விலை வைக்கலாம், வாங்க வருகிறவர் கையில் எடுத்ததும் என்ன சொல்வார் என எல்லாவற்றையும் பக்கம்தான் தீர்மானிக்கிறது. என் முதல் படப் புத்தகம் அச்சாகி வெளிவந்தபோது இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கதை தூக்கணாங்குருவியைப் பற்றியது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் வாய்க்கால் கரைப் பனைகளில் கூடுகள் தொங்குவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். கூட்டைப் பின்னுவது ஆண் குருவி. நெல் தாளையும் பனையோலையையும் நார் நாராகக் கிழித்து வந்து பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுச் சிறகடித்து அழைக்கும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடிக்கவில்லையென்றால் போய்விடும். ஆண் குருவி அந்தக் கூட்டை விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கும். அப்படி விடப்பட்ட கூடுகள் காற்றில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இது குழந்தைகளிடம் சொல்ல வேண்டிய கதை என்று எனக்குத் தோன்றும். எழுதி முடித்தபோது 1,100 சொற்கள் வந்தன. ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். எந்த இடத்தில் அவர்கள் காலை ஆட்டத் தொடங்குகிறார்கள், எந்த இடத்தில் "அப்புறம்?" என்கிறார்கள் என்று படியின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். பின்னால் வந்த எல்லாத் திருத்தங்களுக்கும் அந்தக் குறிப்புகள்தான் அடிப்படை.

பதிப்பகம் கிடைப்பது எளிதாக இல்லை. சிலர் பதில் எழுதவே இல்லை. வண்ணத்தில் அச்சிட வசதியில்லை, கறுப்பு வெள்ளையில் போடலாம் என்றார்கள் சிலர். ஒரு பதிப்பகம் அச்சுச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டால் மூன்றே மாதத்தில் புத்தகம் தயார் என்றது. மறுத்துவிட்டேன். எழுதியவரே பணமும் கொடுத்தால், அந்தப் புத்தகத்தை விற்றாக வேண்டும் என்ற கவலை பதிப்பகத்துக்கு எங்கிருந்து வரும்? புதிதாக எழுத வருகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான். வருமானத்துக்கு வேறு வழி இருக்கட்டும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவே இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டுதான் எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கி நடத்தினார். நானும் கணக்கு எழுதும் வேலையை விடவில்லை. மாதச் சம்பளம் இருந்ததால்தான் என்னால் காத்திருக்க முடிந்தது.

கடைசியில் கதையை ஏற்றுக்கொண்ட பதிப்பகத்தின் ஆசிரியர் முதல் சந்திப்பிலேயே ஆறு ஏ4 தாள்களை எடுத்து நடுவில் மடித்து என் கையில் கொடுத்தார். மடித்தால் 24 பக்கங்கள். அச்சகத்தில் ஒரு பாரம் என்பது 16 பக்கம். ஒன்றரை பாரத்துக்கு 24. பக்கங்களை நம் விருப்பத்துக்கு 19 என்றோ 26 என்றோ வைக்க முடியாது, தாள் மடிப்பு இடம் கொடுக்காது. முதல் பக்கம் தலைப்புக்கு, இரண்டாம் பக்கம் பதிப்பு விவரத்துக்கு. கதைக்குக் கிடைப்பது 22 பக்கங்கள்: தனியாக நிற்கும் 3ஆம் பக்கம், எதிரெதிராக விரியும் 10 ஜோடிகள், மறுபடி தனியாக நிற்கும் 24ஆம் பக்கம். "உங்கள் கதையை இதற்குள் ஒட்டிக் கொண்டு வாருங்கள்" என்றார்.

ஒட்டிப் பார்த்தபோதுதான் வேலை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. பக்கத்தைப் புரட்டும் அந்த நொடி கதை சொல்கிறவருக்குக் கிடைக்கும் வரம். பெண் குருவி கூட்டுக்குள் தலையை நுழைப்பது வலப்பக்கத்தில், அதாவது 13இல் வர வேண்டும். அது பிடிக்காமல் பறந்து போவது புரட்டிய பிறகு 14இல். இரண்டும் ஒரே விரிப்பில் இருந்தால் குழந்தையின் கண் முன்னதாகவே முடிவைப் பார்த்துவிடும். இப்படி அடுக்க அடுக்கச் சொற்கள் உதிர்ந்தன. தலை மஞ்சள் என்று எழுத வேண்டியதில்லை, ஓவியம் சொல்லிவிடும். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது என்று எழுத வேண்டியதில்லை. பாட்டி சொல்வாளே, குருவி களிமண்ணில் மின்மினியை ஒட்டிக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்று, அந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. களிமண் உருண்டைகளைக் குருவி கூட்டில் அப்புவது உண்மை, விளக்கு நம்பிக்கை. கதையின் ஓட்டத்தில் அதற்கு இடமில்லை. பின்னட்டையின் உட்புறத்தில் பெரியவர்களுக்கான குறிப்பாக வைத்தோம். கடைசியில் நின்றது சுமார் 350 சொற்கள். ஒவ்வொரு சொல்லும் அங்கே இருப்பதற்குக் காரணம் சொல்ல என்னால் முடியும்.

ஆசிரியருக்கும் எனக்கும் உண்மையான வாக்குவாதம் கடைசிப் பக்கத்தில்தான். தாயும் தந்தையும் குஞ்சுகளும் ஒரே கூட்டில் மகிழ்ச்சியாக இருப்பதுபோல் முடிக்கலாம், பெற்றோர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றார் அவர். ஆனால் தூக்கணாங்குருவியின் வாழ்க்கை அப்படி இல்லை. முட்டையில் அமர்வது பெண் குருவி மட்டுமே. ஆண் குருவி பெரும்பாலும் அடுத்த கூட்டைக் கட்டக் கிளம்பிவிடும். குழந்தைக்கு எழுதுகிறோம் என்பதற்காகப் பறவையின் வாழ்க்கையை மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு அந்தக் குழந்தை பனையடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, தான் படித்ததும் பார்ப்பதும் ஒத்திருக்க வேண்டும். நூலகப் பிள்ளைகளுக்கு இரண்டு முடிவுகளையும் படித்துக் காட்டலாம் என்றேன், ஆசிரியரும் வந்தார். நார் ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு அடுத்த ஓலைக்குப் பறக்கும் முடிவைக் கேட்டதும், "இந்தக் கூட்டை யாருக்குக் கட்டும்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அந்த முடிவை வைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர் ஒப்புக்கொண்டார்.

ஓவியரைத் தேர்ந்தது பதிப்பகம். தமிழில் பல சிறுவர் நூல்களில் ஓவியர் பெயர் உள்பக்கத்தில் சிறு எழுத்தில் ஒளிந்திருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. படப் புத்தகத்தில் பாதிக்கு மேல் கதை சொல்வது ஓவியம். அட்டையில் எங்கள் இருவர் பெயரும் ஒரே அளவில் வர வேண்டும் என்று நான் கேட்டேன், பதிப்பகம் தயங்காமல் சம்மதித்தது. முதல் பென்சில் கோட்டுருவங்களில் கூட்டின் வாசல் பக்கவாட்டில் இருந்தது. குழாய்போல் கீழ்நோக்கித் தொங்கும் வாசலின் புகைப்படங்களை அனுப்பினேன். மற்றபடி அவர் வேலையில் தலையிடவில்லை. என் வரிகளில் எங்குமே இல்லாத ஓணான் ஒன்றை அவர் ஒவ்வொரு பக்கத்திலும் பனை மரத்தில் ஏறவைத்திருந்தார். இப்போது குழந்தைகள் முதலில் தேடுவது அந்த ஓணானைத்தான்.

ஒப்பந்தத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் இன்னும் பலர் வாய்வார்த்தையிலேயே புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நட்பு கெட்டுவிடுமோ என்ற தயக்கம். எழுதிக்கொண்டால்தான் நட்பு நிலைக்கும் என்பது என் அனுபவம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவில், உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இதைத் தெரிந்துகொண்டு போனதால் என்னால் நிதானமாகப் பேச முடிந்தது. தமிழ் அச்சு உரிமையை மட்டும் கொடுத்தேன். மொழிபெயர்ப்பு, ஒலி வடிவம், மின்னூல் ஆகியவை எழுத்தாளரிடமும் ஓவியரிடமும் இருக்கும் என்று எழுதிக்கொண்டோம். புத்தகம் இருப்பில் இல்லாமல் ஓராண்டு கடந்தால் அச்சு உரிமையும் எங்களிடம் திரும்பும். உரிமைகளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் திறந்துவிடும் வழியும் உண்டு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகின்றன. பெயரைக் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். ஒரு கதை பல மொழிகளுக்குப் போக அது நல்ல வழி. எது வேண்டும் என்று கையெழுத்துக்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டும், இரண்டையும் ஒரே கதைக்கு எதிர்பார்க்க முடியாது.

ராயல்டி விற்பனை விலையில் 10 சதவீதம், அதை ஓவியரும் நானும் சமமாகப் பிரித்துக்கொண்டோம். விலை 90 ரூபாய். ஒரு படிக்கு எனக்கு 4 ரூபாய் 50 காசு. அச்சிட்ட 1,000 படிகளும் விற்றால் 4,500 ரூபாய். இந்தக் கணக்கை மறைக்காமல் சொல்வதால் யாரும் எழுதாமல் போய்விட மாட்டார்கள் என்று நம்புகிறேன். தெரிந்துகொண்டு வருவது நல்லது.

மெய்ப்பு பார்க்கும் கட்டத்தில் பொறுமை வேண்டும். நான் யூனிகோடில் தட்டச்சு செய்தது, வடிவமைப்பாளரின் எழுத்துருவுக்கு மாறும்போது சில உயிர்மெய்கள் கொம்பு ஓரிடம் கால் ஓரிடமாகச் சிதறின. பெரிய நாவலில் ஓர் எழுத்துப் பிழை கண்ணில் படாமல் போகலாம். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து சொற்களே உள்ள புத்தகத்தில், அதுவும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையின் கையில், அது தாங்க முடியாதது. வரி முடிவில் சொல் உடைவதும் அப்படித்தான். 'தூக்கணாங்-' என்று ஒரு வரியும் 'குருவி' என்று அடுத்த வரியும் வந்தால் குழந்தை தடுக்கி நிற்கும். எந்த வரி எங்கே முடிய வேண்டும் என்று நானே குறித்துக் கொடுத்தேன். சிவகாசியில் எடுத்த மாதிரி அச்சில் குருவியின் தலை லேசாகப் பச்சையடித்தது. திரையில் தெரிந்த மஞ்சள் நான்கு மைகளாகப் பிரியும்போது அதில் நீலம் கலந்துவிட்டது. அச்சகத்தார் நீலத்தைக் குறைத்து மறுபடி எடுத்துக் காட்டினார்கள். அந்தத் தொழிலாளர்களின் கண்ணுக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

ஜனவரியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த சென்னைப் புத்தகக் காட்சியில் புத்தகம் விற்பனைக்கு வந்தது. அரங்கில் நின்ற நாள்களில் அதிகம் கேட்டவை இரண்டு. "24 பக்கத்துக்கு 90 ரூபாயா?" என்பது ஒன்று. "இதில் என்ன நீதி?" என்பது மற்றது. வண்ண அச்சில் ஒவ்வொரு தாளின் இரு பக்கத்துக்கும் நான்கு நான்கு தகடுகள் போட வேண்டும், குறைவாக அச்சிட்டால் அந்தச் செலவு ஒவ்வொரு படியின் மேலும் ஏறும் என்று சொன்னேன். பலர் காது கொடுத்தார்கள். நீதி கேட்டவர்களிடம், முதலில் பிள்ளைக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள் என்று அரங்கிலேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தோம். படித்துக் காட்டிய பெற்றோரில் பெரும்பாலானவர்கள் வாங்கிப் போனார்கள்.

பக்கக் கணக்கு நூலகக் கொள்முதலிலும் துரத்தும். பொது நூலகத் துறை நெடுங்காலமாகப் பாரத்தை வைத்தே விலை நிர்ணயித்து வந்தது. அந்த அளவுகோலில் ஒன்றரை பார வண்ணப் புத்தகம் 200 பக்க நாவலோடு எப்படிப் போட்டியிடும்? படப் புத்தகங்களுக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்று வாய்ப்புக் கிடைக்கும் இடத்திலெல்லாம் கேட்டு வருகிறேன். பள்ளிகளில் நிலைமை இன்று தெம்பூட்டுகிறது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலைகள் பிரித்துச் சிறு புத்தகங்களை வகுப்பறைக்குள் கொண்டுசென்றது. மெலிந்த புத்தகமும் முழுமையான புத்தகம்தான் என்பதை அங்கே ஆசிரியர்கள் நேரில் பார்க்கிறார்கள்.

இரண்டாம் அச்சுக்கு ஓவியர் கடைசிப் பக்கத்து வானத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தித் தந்தார். நான் 17ஆம் பக்கத்தில் இன்னும் இரண்டு சொற்களை எடுத்தேன். மலையாளத்தில் கொண்டுவர ஒரு பதிப்பகம் கேட்டபோது மொழிபெயர்ப்பு உரிமை எங்களிடமே இருந்தது. தமிழ்ப் பதிப்பாளரே அவர்களுக்கு எங்கள் முகவரியைக் கொடுத்தார். மலையாளப் பதிப்புக்கு ஓவியரும் நானும் தனி ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், அதுவும் 24 பக்கங்கள்தான்.