ஃபெலிக்ஸில் √2: 1.414 வராமல் 1.410 வந்தது ஏன்

கையால் சுற்றும் கணக்கு இயந்திரமான ஃபெலிக்ஸில் 2இன் வர்க்கமூலம் (√2) ஒருவழியாக 1.414213 என்று வந்துவிட்டது. அதற்கு முன் மூன்று தடவை போட்டதில் மூன்று தடவையும் 1.410673. பழைய கிரீஸ் இறுகிப்போய்ப் பற்சக்கரம் எங்கோ தாவுகிறது என்று நினைத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. தவறு லிவரை நகர்த்திய வரிசையில்.

இயந்திரம் சோவியத் ஃபெலிக்ஸ். ஓட்னர் வகை (கைப்பிடியைச் சுற்றிக் கூட்டிக் கழிப்பது), சோவியத் ரகசியப் போலீஸின் முதல் தலைவர் ஃபெலிக்ஸ் ஜெர்ஜின்ஸ்கியின் பெயர் தாங்கியது. எண்ணை வைக்க 9 லிவர், எத்தனை சுற்று என்று காட்ட 8 இலக்கச் சுற்று எண்ணி, 13 இலக்க விடை. எண்ணியும் விடையும் இருப்பது கேரியேஜ் என்ற நகரும் பகுதியில். முறை 1860களில் ஜெர்மன் இயற்பியலாளர் ஆகஸ்ட் டோப்லர் சொன்னது: 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்களாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும், எத்தனை முறை கழிந்ததோ அதுவே மூலத்தின் இலக்கம்.

13 கட்டத்தையும் வீணாக்காமல் பயன்படுத்த ஒரே தொடக்கம்தான் உண்டு. கேரியேஜ் 7ஆம் இடத்தில், வலமிருந்து 7ஆவது லிவரில் 2. கைப்பிடியைக் கூட்டல் பக்கம் ஒரு சுற்று. 2 இடக்கோடியில், 13ஆம் கட்டத்தில் உட்காரும். எண்ணியை மட்டும் துடைத்து (பூஜ்யமாக்கி) விட்டு லிவரை 1க்கு இறக்கிக் கழிக்க ஆரம்பிக்கலாம். 1 கழியும், 3 கழியாது, மீதி பூஜ்யத்துக்குக் கீழே போனதும் மணி அடிக்கும். திரும்பக் கூட்டி, 3ஐ 2 ஆக்கி, கேரியேஜை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி, அடுத்த வலது லிவரில் 1. இப்போது லிவர்களில் 21. பழைய லிவர்களை இடம் மாற்றவே வேண்டாம், கேரியேஜ் நகர்வதே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இந்த முறையின் அழகே இதுதான்.

நான் சறுக்கிய இடம் இந்த இரண்டாம் இலக்கம். 21, 23, 25, 27 கழிந்து மீதி 4. 29 கழித்ததும் மணி. இடக்கோடியில் 975 என்று நிற்கும். 29 இருக்கும்போதே திரும்பக் கூட்டினால் 004. நானோ மணி அடித்த கையோடு லிவரை 28க்கு இறக்கிவிட்டு, அப்புறம் கூட்டினேன். வந்தது 003. எண்ணி 5க்குப் போய் 4க்குத் திரும்பியிருப்பதால் அதைப் பார்த்துச் சந்தேகமே வராது. ஆனால் அந்த ஒரு 1, நூறில் ஒரு பங்கு இடத்தில் குறைகிறது. 2லிருந்து 0.01 போனால் 1.99. இயந்திரம் கொடுத்தது √1.99, அது சரியாக 1.410673தான். முதலில் கூட்டு, பிறகு இறக்கு. இந்த வரிசை கையில் பதிகிறவரை ஒவ்வொரு இலக்கத்துக்கும் மீதியை எழுதிக்கொள்வது நல்லது. √2க்கு வர வேண்டியவை: 1, 4, 119, 604, 3836, 100759, 1590631.

2ஐ ஏற்றிய சுற்றை விட்டால் மொத்தம் 30 சுற்று: கழிந்தவை 16, மணி அடித்தவை 7, திரும்பக் கூட்டியவை 7. முடிவில் லிவர்களில் 2828426 நிற்க வேண்டும். அது எண்ணியில் சிவப்பில் தெரியும் 1414213இன் சரியான இரட்டிப்பு. இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கோ லிவர் தவறியிருக்கிறது.

இன்னும் இலக்கம் வேண்டுமென்றால் கடைசி மீதியை விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் துடைத்து, 1590631ஐ இடக்கோடியில் ஏற்றி, அதே 2828426ஆல் சாதாரண வகுத்தல். 562373 வருகிறது. அப்படியே ஒட்டினால் 1.414213562373, பன்னிரண்டு தசமமும் சரி.

√3 இன்னும் பாதியில் இருக்கிறது. அங்கே தொல்லை வேறு: இரண்டாம் இலக்கம் 7 என்பதால் 29க்கு அடுத்து 31 வைக்க வேண்டும், அதாவது இரண்டு லிவர். விடைப் பகுதியில் தானாக நடக்கிற தசம ஏற்றம் (9ஐத் தாண்டினால் இடப்பக்கத்துக்கு 1 போவது) லிவர்களில் கிடையாது. கடைசி லிவரை 9லிருந்து 1க்குக் கொண்டுபோய்விட்டு இடது லிவரை மறந்தால் 21 கழிந்துவிடும், மணியும் அடிக்காது.

இதைத் தவிர்க்கத்தான் அடுத்து ஐந்து மடங்கு முறையைப் பிடிக்கப்போகிறேன். 1950களில் ஃப்ரீடன் மின் இயந்திரம் தானே மூலம் எடுத்தது இந்த வழியில்தான். எண்ணை முதலில் 5ஆல் பெருக்கிவிட்டால் கழிப்பவை 5, 15, 25, 35... கடைசி லிவர் 5இலேயே நிற்கும், அதற்கு இடப்பக்கத்து லிவர் மட்டும் ஒவ்வொன்றாக ஏறும். அந்த லிவரே மூலத்தின் இலக்கம், இறக்கவும் வேண்டாம். 2க்குப் பதில் 10 ஏற்ற இரண்டு கட்டம் போவதால் ஏழு இலக்கத்துக்குப் பதில் ஆறுதான் கிடைக்கும், அந்த நஷ்டம் பரவாயில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ஒன்பது லிவரிலும் 9 வைத்து ஒரு சுற்று, பிறகு எல்லாவற்றையும் இறக்கி வலக்கோடி லிவரில் மட்டும் 1 வைத்து ஒரு சுற்று, அதையே திரும்பக் கழித்து ஒரு சுற்று என்று வீடியோ கேளுங்கள். 1000000000 முழுதாக விழுந்து, மறுபடி ஒன்பது 9 வர வேண்டும். நடுவில் ஏதாவது இலக்கம் பாதியில் தொங்கினால் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவித் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தசம ஏற்றத்தைச் செய்யும் பல் உடைந்திருந்தால் மட்டும் வாங்க வேண்டாம்.