மொரீஷியஸில் வீடு தேடுமுன் உயரத்தையும் காற்றையும் பாருங்கள்

மொரீஷியஸில் குடியேற நினைக்கும் நம் ஆட்கள் முதலில் கேட்பது "அங்கே வெயில் எப்படி?" என்றுதான். எந்த ஊரில் என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். தீவு முழுக்கச் சராசரி எடுத்தால் கோடையில் 24.7 டிகிரி, குளிர்காலத்தில் 20.4 டிகிரி. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் 65 கி.மீ. நீளமும் 45 கி.மீ. அகலமும் கொண்ட இந்தத் தீவில், தலைநகர் போர்ட் லூயிஸில் வியர்த்துக்கொண்டு பஸ் ஏறியவர் மேட்டுநில ஊரான க்யூர்பிப்பில் இறங்கும்போது ஸ்வெட்டர் தேடுவார். நடுவில் இருப்பது இருபது சொச்சம் கிலோமீட்டர்தான்.

உயரம்தான் முதல் காரணம். போர்ட் லூயிஸ் கடல் மட்டத்தில் இருக்கிறது. ரோஸ் ஹில், கத்ர போர்ன் எல்லாம் 200 முதல் 300 மீட்டர் வரை. வாக்வா 400-க்கு மேல், க்யூர்பிப் 550. நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய அரை டிகிரிக்கு மேல் குறையும். இரண்டாவது காரணம் காற்று. வருஷத்தில் பெரும்பாலான நாள் தென்கிழக்கிலிருந்து வீசும். அது கிழக்குக் கரையில் ஏறி, நடு மேட்டுநிலத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மேற்கே இறங்கும்போது காய்ந்துபோகிறது. அதனால் மேட்டுநிலத்தின் ஈரமான பகுதியில் வருஷத்துக்கு 4000 மி.மீ. வரை மழை, கிழக்கே 1500, மேற்குக் கரையில் ஆயிரத்துக்கும் குறைவு. சென்னைக்கு வருஷம் 1400 மி.மீ. என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பருவமும் நமக்குத் தலைகீழ். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை, மழையும் அப்போதுதான் அதிகம். மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம். தைப்பூசக் காவடி எடுப்பவர்கள் இங்கே உச்சக் கோடைத் தார்ச்சாலையில்தான் வெறுங்காலோடு நடக்கிறார்கள்.

முதலில் க்யூர்பிப். 1866–67 மலேரியாவுக்குப் பயந்து போர்ட் லூயிஸ்காரர்கள் மேலே ஏறியதால் வளர்ந்த ஊர் அது. ரயிலும் அப்போதுதான் வந்திருந்தது. வெப்பம் தாங்காதவர்களுக்கு இன்றைக்கும் அது புகலிடம்தான். ஆனால் அங்கே இரண்டே பருவம், ஒன்று மழைக்காலம், இன்னொன்று மழை பெய்யும் காலம் என்று உள்ளூரில் ஒரு கேலி உண்டு. க்யூர்பிப்புக்குத் தெற்கே புவா ஷெரி என்ற இடத்தில் தேயிலை விளைகிறது. தேயிலைக்குப் பிடித்த இடம் அலமாரிக்குப் பிடிக்காது. அங்கே குளிரைவிட ஓதம்தான் தொல்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அப்பளம் நமுத்துப்போகும், தோல் செருப்பில் பத்து நாளில் பச்சைப் பூசணம் பூக்கும். ஜூலையில் இட்லி மாவை ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் அப்படியே கிடக்கும். மின் ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால் பொங்கும். அதே மாவு பிப்ரவரியில் போர்ட் லூயிஸில் ஆறு மணி நேரத்தில் புளித்து வழியும்.

மேட்டுநிலத்தில் வீடு பார்ப்பதானால் இரண்டு மூன்று நாள் தூறல் விடாமல் பெய்த பிறகு போங்கள். வெயிலடிக்கும் ஞாயிற்றுக்கிழமை எந்த வீடும் நல்ல வீடுதான். உள்ளே நுழைந்ததும் தென்கிழக்குச் சுவர் எது என்று கண்டுபிடித்து, முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று பிசுபிசுத்தால் அங்கே கட்டில் போட முடியாது. அந்தச் சுவரோடு ஒட்டிய அலமாரியைத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கள். வாசனை பொய் சொல்லாது. வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால், அதன் கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். குளியலறைக்கு வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் இருக்க வேண்டும். மேலே தட்டையான கான்கிரீட் தளம் என்பதால், நீர்க்கசிவுத் தடுப்பு கடைசியாக எந்த வருஷம் போட்டார்கள் என்றும் விசாரியுங்கள். ஈரமுறிஞ்சி மெஷின் வாங்கினால், குளிர்காலத்தில் அதன் தொட்டியைத் தினமும் கொட்ட வேண்டியிருக்கும்.

திசை விஷயத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். தெற்குப் பார்த்த வீட்டில் தென்றல் வரும் என்று ஊரில் பழகிய மனசு இங்கேயும் தெற்கு ஜன்னலைத் தேடும். இங்கே நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறோம். குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். ஜூனில் நடுப்பகலில் அதன் உயரம் 46 டிகிரிதான். ஆகவே வடக்கு ஜன்னலுக்கு வெயில், தெற்கிலும் தென்கிழக்கிலும் காற்றோடு சாரல். துணி காயவைக்கும் கொடியும் படுக்கையறையும் வடக்கே இருந்தால் வாக்வாவில்கூடச் சமாளித்துவிடலாம்.

கீழே இறங்கினால் பிரச்சினை வேறு. போர்ட் லூயிஸை மலைகள் வளைத்து நிற்பதால் காற்று தடுக்கப்பட்டு, கோடையில் 32 டிகிரியிலும் புழுக்கம் மூச்சுமுட்டும். மேல்மாடி வீடு எடுத்தால் பகலெல்லாம் சூடேறிய தளம் நள்ளிரவுவரை வெப்பத்தை விடும். மலையில் பெய்யும் தண்ணீரும் நகருக்குள்தான் வரும். 2013 மார்ச் 30 வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள், 2024 ஜனவரியில் பெலால் புயலில் கார்கள் மிதந்தன. வாய்க்கால் ஓரத்து வீட்டுக்கு எவ்வளவு மலிவு வாடகை சொன்னாலும் வேண்டாம்.

மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், தமாரின் பக்கம் மழை குறைவு, வெயில் கடுமை. தமாரினில் உப்பளம் இருந்ததே அதற்குச் சாட்சி. வடக்கே கிராண்ட் பே தட்டையான நிலம், கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவான வானிலை, ஆனால் சுற்றுலாக்காரர் வாடகை. கிழக்கே பெல் மார் கோடையில் அருமை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று காதைப் பிய்க்கும். எந்தக் கரையானாலும் கடலுக்குப் பக்கத்தில் ஏசியின் வெளிப்பெட்டியும் ஜன்னல் கீலும் துருப்பிடிக்கும். பார்க்கப் போகும்போது அவற்றைத்தான் முதலில் பாருங்கள்.

அளவான தட்பவெப்பம் வேண்டுமென்றால் எங்கள் சிபாரிசு நடு உயரம்: போ பாசேன், ரோஸ் ஹில், கத்ர போர்ன். கோடையில் மின்விசிறி போதும், குளிரில் ஒரு போர்வை. போர்ட் லூயிஸிலிருந்து க்யூர்பிப்வரை 26 கி.மீ. ஓடும் மெட்ரோ இந்த ஊர்கள் வழியாகத்தான் போகிறது. ரோஸ் ஹில்லிலிருந்து கணினி நிறுவனங்கள் நிறைந்த எபென் வழியாக ரெடுவிக்கும் கிளை உண்டு, கணினி வேலைக்கு வருபவர்களுக்கு அது வசதி. கத்ர போர்னில் கோர் த கார்த் மலையடிவாரத்தில் முருகன் கோயில் இருக்கிறது. சந்தையில் முருங்கைக்கீரையை 'ப்ரேத் முரும்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தமிழில் பேச ஆள் கிடைப்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், கடைக்காரர் வாயில் இருக்காது. பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

வந்தவுடன் வருஷக் குத்தகையில் கையெழுத்துப் போடாதீர்கள். நடு உயரத்தில் சாமான்களோடு கூடிய வீடு ஒன்றை ஒரு மாதத்துக்கு எடுத்து, அங்கிருந்து மேலும் கீழும் போய்ப் பாருங்கள். ஒரே ஒரு தடவைதான் வந்து பார்க்க முடியும் என்றால், கடற்கரை ஆசை உள்ளவர் பிப்ரவரியிலும், மேட்டுநில ஆசை உள்ளவர் ஜூலையிலும் வரவேண்டும். மோசமான மாதத்தில் பிடித்தால் மற்ற மாதங்களில் தானாகப் பிடிக்கும். வாங்கும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டவர் சாதாரண வீட்டை நினைத்தபடி வாங்க முடியாது, 1975-ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது. அரசு அனுமதிக்கும் வகை வீடுகளை மட்டுமே வாங்க முடியும். அப்படி வாங்கி, ஓதம் பிடித்த வீடு தலையில் விழுந்தால் விற்பதும் கஷ்டம், ஆகவே முதல் வருஷம் வாடகைதான்.

கடைசியாகத் தண்ணீரும் புயலும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீர்த்தேக்கங்கள் இறங்கும், குழாயில் சில மணி நேரம்தான் வரும். மொட்டைமாடித் தொட்டி 1000 லிட்டராவது இருக்கட்டும், பம்பை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை 1 முதல் 4 வரை. மூன்றாம் எண் வந்தால் பஸ், கடை எல்லாம் அடைத்துவிடும். ஜன்னல் ஷட்டர்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பூட்டிப் பார்த்துவிட்டு, பம்போ ஷட்டரோ பழுதானால் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஜனவரியில் கேட்டால் வீட்டுக்காரர் போனை எடுக்கமாட்டார்.